திகனவுக்கு முந்திய சில நிமிடங்கள்

1915 மே 28 இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் முன்னால் வெசாக் ஊர்வலம் இசையோடு போவதா என்ற தகராறு மூண்டது. சில நாட்களில் அது பல மாகாணங்களுக்குப் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது.

2018 பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறு. முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினர். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். மார்ச் 5இல் திகன எரிந்தது. மறுநாள் அவசரகாலநிலை. மடவளைக்குத் திகன தூரமில்லை.

எரித்தவர்களின் குற்றம் எரித்தவர்களுடையதே. இனவாதப் பிரசாரத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் கேட்பது, வீதியோரத்தில் கழிந்த அந்தச் சில நிமிடங்களைப் பற்றி.

1990களில் தேசிய கல்வி நிறுவகம் யுனிசெஃப் உதவியோடு பிணக்குத் தீர்வுக் கல்வியைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தது. 2008இல் கல்வி அமைச்சு சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கொள்கையை வெளியிட்டது. பத்து வருடத்தில் திகன! கொள்கை பாடசாலைக்குப் போனது. வீட்டிலோ, "அடிச்சா திருப்பி அடிச்சிட்டு வா" என்றுதான் நாம் சொல்லி அனுப்புகிறோம்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் தீர்ப்பு இல்லை. இரு தரப்பாரும் பேசி உடன்பட வேண்டும். இதைப் பிள்ளைக்கும் பழக்கலாம். ஒருவன் சொல்லட்டும், மற்றவன் அதையே திருப்பிச் சொல்லட்டும், பிறகு, "இப்ப என்ன செஞ்சா சரி வரும்?" என்று இருவரையும் கேட்போம். குர்ஆன் மத்ரஸாவிலும் விளையாட்டுத் திடலிலும் தினமும் இதற்கு வாய்ப்புண்டு. கோபம் வந்தபின் கற்பிக்க முடியாது. அதற்கு முன்னரே பழக்க வேண்டும்.