நியூடவுனின் அஞ்சல்வழி வணிகம்

நியூடவுன் வேல்சில் உள்ள ஒரு சிறு நகரம் ஆகும். ராபர்ட் ஓவன் பிறந்த ஊர் இது. அஞ்சல்வழி வணிகத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் இங்கு துணிக்கடை நடத்தினார். ஊருக்குத் தொடருந்துப் பாதை வந்தபின், 1861 அளவில், விலைப்பட்டியலை அஞ்சலில் அனுப்பி, பிளானல் என்னும் கம்பளித் துணியைத் தொலைவிலுள்ளோரின் வீடுகளுக்கே அனுப்பலானார். விக்டோரியா அரசியும் அவருடைய வாடிக்கையாளரே. 1879 இல் தொடருந்து நிலையத்துக்கு எதிரே பெரும் பண்டகசாலை எழுந்தது. 1883 இல் பிரித்தானிய அஞ்சல்துறை பொதி அஞ்சலைத் தொடங்கியது இவ்வணிகத்துக்கு மேலும் துணையாயிற்று.

எனினும், கடை செழித்த அளவுக்கு ஊரின் நெசவுத்தொழில் செழிக்கவில்லை. லங்காசயர் ஆலைகளின் போட்டியில் அது நலிந்தது. நெய்தவர்களுக்கு வாழ்வு தராமலே துணியின் பெயர் மட்டும் பரவியது எனலாம். 1938 இல் நிறுவனம் லிவர்பூலைச் சேர்ந்த லூயிஸ் நிறுவனத்திடம் சென்றது. பண்டகசாலைக் கட்டடம் இன்றும் உள்ளது.