பி.எல். 480 உணவு உதவியும் இந்தியாவின் ரூபாய்க் கடனும்

வளரும் நாடுகளின் கடன்சுமையை ஆராய்வோர் பெரும்பாலும் கடன்தொகையின் அளவையே கருத்திற்கொள்வர். கடனை எந்த நாணயத்தில் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதற்கு இணையாக ஆராயத்தக்கது. இந்தியா பெற்ற பி.எல். 480 உணவு உதவி இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்கா 1954இல் இயற்றிய பொதுச்சட்டம் 480இன்கீழ் இந்தியா தன் முதல் ஒப்பந்தத்தை 1956இல் செய்துகொண்டது. கோதுமையின் விலை டாலரில் அன்றி ரூபாயில் அமெரிக்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. இதனால் அந்நியச் செலாவணி பெரிதும் கரையவில்லை. ஆயினும் அமெரிக்காவின் ரூபாய் இருப்பு பெருகிக்கொண்டே சென்றது.

1965, 1966ஆம் ஆண்டுகளின் வறட்சிக் காலத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் தானியத்தைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். வேளாண் கொள்கையில் மாற்றம் வேண்டும் என்பதும், வியட்நாம் போர் குறித்த இந்தியாவின் விமரிசனமும் இதன் பின்னணியாகும். 1966 சூன் 6இல் டாலரின் மதிப்பு ரூ.4.76இலிருந்து ரூ.7.50ஆக உயர்த்தப்பட்டதற்கு உலக வங்கியும் உதவி நாடுகளும் தந்த அழுத்தம் ஒரு காரணமாகும்.

1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிகன் ரூ.1,664 கோடிக்கான காசோலையை இந்திய அரசிடம் அளித்தார். அவ்வளவு ரூபாயையும் பயன்படுத்த அமெரிக்காவுக்கு வழியின்மை இத்தள்ளுபடியை எளிதாக்கியது. டாலர்க் கடனுக்கு இவ்வாய்ப்பு இல்லை. எனினும், 1974இல் தள்ளுபடியான அக்கடனுக்குரிய விலையை இந்தியா 1966இலேயே கொள்கை வழியில் செலுத்தியிருந்தது எனலாம்.