போர்சைத் கவுண்டி

போர்சைத் கவுண்டி ஐக்கிய அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு வடக்கே அமைந்துள்ள புறநகர் மாவட்டம் ஆகும். இதன் தலைநகர் கம்மிங். 1832ஆம் ஆண்டில், செரோக்கி பழங்குடியினர் வாழ்ந்த நிலப்பகுதியிலிருந்து இது உருவாக்கப்பட்டது. கிழக்கு எல்லையில் லேனியர் ஏரி உள்ளது.

மக்கள்தொகை

1990ஆம் ஆண்டில் 44,083 ஆக இருந்த மக்கள்தொகை 2000இல் 98,407 ஆகவும், 2010இல் 1,75,511 ஆகவும், 2020இல் 2,51,283 ஆகவும் உயர்ந்தது. அட்லாண்டாவுடன் இணைக்கும் ஜார்ஜியா 400 நெடுஞ்சாலையும், அருகிலுள்ள ஆல்பரெட்டா நகரின் மென்பொருள் நிறுவனங்களும் இவ்வளர்ச்சிக்கு முக்கியக் காரணங்கள். 2020 கணக்கெடுப்பில் ஆசியர்கள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர். அவர்களுள் இந்திய வம்சாவளியினரே பெரும்பான்மையினர்.

இம்மாற்றத்தின் அளவை உணர வரலாற்றையும் அறிதல் வேண்டும். 1912இல் இங்கு வாழ்ந்த ஏறத்தாழ 1,100 கறுப்பின மக்கள் வன்முறையால் துரத்தப்பட்டனர். 1987 சனவரியில் நடந்த மனித உரிமைப் பேரணி கல்லெறிந்து தாக்கப்பட்டது. அடுத்த வாரம் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு மீண்டும் பேரணி நடத்தினர்.

லேனியர் ஏரி

இது இயற்கை ஏரி அன்று. சாட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1950களில் கட்டிய பியூபோர்டு அணையின் நீர்த்தேக்கமாகும். இதன் பரப்பு ஏறத்தாழ 38,000 ஏக்கர். படகு ஓட்டம், மீன்பிடிப்பு, நீச்சல் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்ற இங்கு 1996 ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டிகள் நடைபெற்றன. கரையோர நிலம் நடுவண் அரசுக்கு உரியது; எனவே, ஏரியை ஒட்டி வீடு உடையவரும் படகுத்துறை அமைக்க அனுமதி பெறவேண்டும்.

நீர்ப் பங்கீடு

வெள்ளத் தடுப்பு, நீர்மின்சாரம், கீழ்நிலை நீர்வழிப் போக்குவரத்து ஆகியவற்றுக்காகத் திட்டமிடப்பட்ட இந்த ஏரியே இன்று அட்லாண்டா பகுதியின் முதன்மைக் குடிநீர் ஆதாரம். கீழ்ப்பகுதியிலுள்ள அலபாமா, புளோரிடா மாநிலங்கள் தமக்கு உரிய நீர் குறைவதாக நீண்டகாலம் வழக்காடின. புளோரிடாவின் அப்பலாச்சிகோலா விரிகுடாவில் சிப்பி எடுப்போர், காவிரிப் படுகை உழவர்களைப் போலவே, மேலிருந்து வரும் நீரையே நம்பியிருந்தனர்.

2007 வறட்சியில் நீர்மட்டம் முழுக் கொள்ளளவு மட்டத்தைவிட ஏறத்தாழ 20 அடி தாழ்ந்தது. குடிநீர் வழங்குவது அணையின் அங்கீகரிக்கப்பட்ட நோக்கம் அன்று என 2009இல் வந்த தீர்ப்பை, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. 2021இல் புளோரிடாவின் வழக்கை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் ஏரியின் கொள்ளளவு மாறவில்லை. அதனை நம்பி வாழ்வோர் தொகையே பெருகியுள்ளது.