செங்கற்பட்டுத் தீர்மானமும் பெண்ணின் சொத்துரிமையும்

1929ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்த மாநாடாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த அம்மாநாட்டின் பிறிதொரு முகம் போதிய அளவு பேசப்படவில்லை. ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை, வாரிசுரிமை ஆகியன வேண்டும் என்றும், மணவயது பதினாறுக்கு மேற்பட்டிருக்க வேண்டும் என்றும், விரும்பாத மணத்திலிருந்து விலகப் பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்றும் அங்கே தீர்மானிக்கப்பட்டது.

அன்றைய நிலையை எண்ணினால்தான் இத்தீர்மானங்களின் துணிவு விளங்கும். மணவயதை வரையறுத்த சாரதா சட்டம் அவ்வாண்டு இறுதிவாக்கில்தான் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயதோடு நின்றுவிட்டது. சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்திருந்தது. ஆயினும் வாக்குரிமை சொத்துத் தகுதியைச் சார்ந்திருந்தமையால், தம் பெயரில் உடைமையற்ற பெண்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. சொத்தில்லாதவளுக்குக் குரலும் இல்லை.

சட்டம் மெல்ல நடந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வாழ்நாள் அளவிலான உரிமை தந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் மணவிலக்குக்கு வழி திறந்தது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியதெனினும், கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை ஆண்களுக்கே விட்டுவைத்தது. தாய் முன்னரே மறைந்த ஒரு குடும்பத்தில் தந்தையும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர் எனக் கொள்வோம். பூர்வீக நிலத்தில் பாதி மகனுக்குப் பிறப்பிலேயே உரியது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய பாதி மட்டுமே இருவருக்கும் பகிரப்படும். ஆக மகனுக்கு முக்கால், மகளுக்குக் கால்.

இக்கணக்கைத் திருத்த ஆந்திரம் 1986இல் சட்டம் இயற்றியது. தமிழகத்தில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது கொணரப்பட்ட திருத்தம், 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கை வழங்கியது. செங்கற்பட்டுத் தீர்மானத்திற்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கோ இவ்வுரிமை இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த தமக்கைக்குக் கதவடைப்பு, தங்கைக்குச் சமபங்கு. நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தம் செப்டம்பர் 9 முதல் அவ்வேறுபாட்டையும் களைந்தது. இவ்வுரிமை பிறப்பால் வருவது, அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11 அன்று தெளிவுபடுத்தியது.

பூர்வீக நிலமே இல்லாதோர்க்கு இத்திருத்தங்களால் என்ன பயன் என்னும் வினாவும் எழும். மாமல்லபுரக் கடற்கரையின் மீனவப் பெண்டிர் பலர் மீன்கூடை சுமந்து குடும்பம் காத்தும், குடியிருக்கும் மனைக்கு உரியவராய் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின், தமிழக அரசின் மறுவாழ்வுத் திட்டம் புதிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வகைசெய்தது. மாநாட்டு மேடையில் ஒலித்த கோரிக்கை, பேரழிவுக்குப் பின் ஓர் அரசாணையின் வாயிலாகக் கரை சேர்ந்தது எனலாம்.

மாமல்லபுரத்துக் குடைவரையில் சிங்கத்தின்மேல் அமர்ந்து எருமைத்தலை அரக்கனோடு பொருகின்றாள் கொற்றவை. கல்லில் பெண்ணுக்கு வெற்றி தந்த மண்ணிலும், பத்திரத்தில் அவள் பெயர் ஏறுவது எளிதாக இல்லை. பங்கு உண்டென்று சட்டம் சொன்ன பின்னும், சீர் செய்தாயிற்றே என்னும் சொல்லுக்கும், பிறந்தகத்து உறவு அறுந்துவிடுமோ என்னும் அச்சத்திற்கும் பணிந்து, உடன்பிறந்தானுக்குத் தம் பங்கை எழுதிக் கொடுக்கும் பெண்கள் இன்றும் உள்ளனர். கிழக்குக் கடற்கரைச் சாலையோர நிலத்தின் விலை ஏற ஏற, அக்கையெழுத்தின் விலையும் ஏறுகிறது.

அவ்வாறு எழுதித் தரும் ஆவணத்திற்குப் பதிவு அலுவலகத்தில் வழங்கும் பெயர் விடுதலைப் பத்திரம். கவிஞர்கள் போற்றும் சொற்களுள் தலையாய ஒன்று, பெண் தன் உரிமையைக் கைவிடும் தாளின் தலைப்பாக நிற்கிறது. அச்சொல்லை அதன் உண்மைப் பொருளுக்கு மீட்பது சட்டத்தால் மட்டும் ஆகக்கூடியதன்று.