காமன் கூத்தும் அதன் வேறுபட்ட வடிவங்களும்
ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரே கதை பல ஊர்களில் பலவாறு ஆடப்படும்போது அவற்றுள் எது சரியானது என்னும் வினா எழுதல் இயல்பு. ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தைப் பொறுத்தும் இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது. பசறைப் பகுதியிலே பார்த்தவர் ஹப்புத்தளைப் பகுதியிலே பார்க்கும்போது, தாம் அறிந்த கூத்தும் இக்கூத்தும் ஒன்றாயிருப்பதையும் ஒன்றாயிராததையும் ஒருங்கே காண்பார். கதை அதுவே, மன்மதனும் இரதியும் அவர்களே. ஆயினும் பாத்திரங்களின் தொகை, பாட்டு, ஆட்டம், ஆடும் நாட்கள் ஆகியன மாறுபடுகின்றன. இம்மாறுபாட்டைப் பிழையெனக் கொள்வதா, வரலாறெனக் கொள்வதா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளாகும்.

காமனைப் பற்றிய கதை தமிழ்நாட்டில் மிகப் பழையது. சிலப்பதிகாரம் காவிரிப்பூம்பட்டினத்துக் காமவேள் கோட்டத்தைக் குறிப்பிடுகின்றது. தையில் நோன்பு நோற்று மாசியில் காமனை வழிபடும் வழக்கத்தை ஆண்டாளின் நாச்சியார் திருமொழி காட்டுகின்றது. சிவன் காமனை எரித்த தலமாக மாயூரத்துக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை போற்றப்படுகின்றது. அட்ட வீரட்டத் தலங்களுள் அதுவும் ஒன்று. எனவே, கூத்துக்குரிய கதையும் அதனோடு சேர்ந்த நோன்பும் எழுத்திலக்கியத்தில் முன்னரே இடம்பெற்றிருந்தன.

ஆனால் எழுத்திலக்கியத்திலும் இக்கதை ஒரு வடிவினதன்று. காளிதாசரின் குமாரசம்பவத்தில் தேவர்களை வருத்துபவன் தாரகன். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபன்மனின் கொடுமையே முதன்மை பெறுகின்றது. இரண்டிலும் சிவனின் மோனத்தைக் கலைக்கக் காமன் ஏவப்படுகின்றான், நெற்றிக்கண்ணால் எரிகின்றான். கந்தபுராணத்தில் இரதியின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன், உமையை மணந்த வேளையில் அவனை எழுப்புகின்றான். எழுந்த காமன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான். புலவர்க்கே ஒரு பாடம் வாய்க்காத கதையில், கூத்தரிடம் ஒரே பாடத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது.

இக்கருத்து வேறுபாட்டையே ஒரு கலையாக வளர்த்த பெருமை தஞ்சை மாவட்டத்து மக்களுக்கு உரியது. மராத்தியர் ஆட்சிக் காலத்தில் அங்கு வேரூன்றிய லாவணிப் பாட்டு, காமன் பண்டிகையோடு இணைந்தது. காமன் எரிந்தான் என்போர் ‘எரிந்த கட்சி’ ஆயினர். எரியவில்லை என்போர் ‘எரியாத கட்சி’ ஆயினர். இரு கட்சியாரும் டேப் என்னும் தோற்கருவியை முழக்கி, விடிய விடிய வினாவும் விடையுமாகப் பாடினர். புராணத்தையும் தத்துவத்தையும் எடுத்துக்காட்டித் தம் கட்சியை நிறுவ முயன்றனர். வாதம் முடிவுற வேண்டுமென்று கேட்போர் விரும்பவில்லை. அடுத்த மாசியில் அது மீளவும் தொடங்கவேண்டுமென்றே விரும்பினர். ஒரு கதையைப் பலவாறு கூறலாம் என்னும் உரிமையை மக்கள் எத்துணை இயல்பாக ஏற்றிருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இத்தகைய மரபுடைய மக்களே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தனர். முதலில் கோப்பித் தோட்டங்களே அவர்களின் உழைப்பைப் பெற்றன. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலிற் காணப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயே. கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதப் பாதை 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றிற் கூத்தோடு நேரடித் தொடர்புடையது கங்காணி முறையாகும். கங்காணி தன் ஊரிலும் சுற்றத்திலும் அயற் கிராமங்களிலும் ஆள் திரட்டினான். ஆகவே ஒரு தோட்டத்தில், சில வேளைகளில் ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவில், ஒரு பகுதியிலிருந்து வந்தோரே மிகுந்திருத்தல் கூடும். அவர்கள் தம் ஊர்த் தெய்வத்தையும் பேச்சையும் பாட்டையும் கூத்தையும் உடன் கொணர்ந்தனர். இரு பக்கத்து மலைகளிலும் தேயிலையே படர்ந்திருப்பினும், ஒரு மலையின் கூத்து ஒரு மாவட்டத்து வழக்கையும் மறுமலையின் கூத்து வேறொரு மாவட்டத்து வழக்கையும் தழுவி நிற்பதற்கு இதுவே முதற் காரணமெனலாம். எழுதப்படாத குடிப்பெயர்வு வரலாறு கூத்தின் வேறுபாடுகளிலே பொதிந்து கிடக்கின்றது.

வேறுபாடுகளுக்கிடையே பொதுவாக அமைந்தவையும் உள. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை தோன்றும் காலத்திற் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படுகின்றது. மன்மதனாகவும் இரதியாகவும் வேடந் தாங்குவோர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். மரபில் இரதியின் வேடமும் ஆடவர்க்கே உரியது. நோன்புக் காலத்தில் இவர்களை மக்கள் தெய்வமாகவே மதிப்பர். தப்பு முழங்கத் திருமணம் நிகழும்; இரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிச் செல்வர்; வாசல்தோறும் வரவேற்புக் கிடைக்கும். பின்னர் ஓலையோடு தூதன் வருவான். இரதி தீக்கனவு கண்டு கணவனைத் தடுப்பாள், அவன் கேளான். பௌர்ணமியை ஒட்டிய இரவிற் காமன் எரிக்கப்படுவான். இரதியின் புலம்பல் எழும். அதன்பின் காமன் உயிர் பெறுவான்.

இப்பொதுச் சட்டகத்தினுள்ளேதான் வேறுபாடுகள் இடம்பெறுகின்றன. சில இடங்களில் எரித்த இரவிலேயே காமனை எழுப்புவர். சில இடங்களில் நாள் கழித்து எழுப்புவர். எமன், வீரபத்திரன், நந்தி, குறவன், குறத்தி ஆகிய பாத்திரங்கள் ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்திற் சுருங்கியும் வருகின்றன. வீரபத்திரன் தக்கன் வேள்விக் கதைக்கு உரியவன். அவன் காமன் கூத்திலே ஆவேசத்தோடு தோன்றுவது, இரு கதைகள் மக்கள் நினைவில் ஒன்றாய்க் கலந்தமையைக் காட்டுகின்றது. குறவன் குறத்தியின் நகைச்சுவையும் புராணத்தில் இல்லாதது. தோட்டத்து அன்றாட வாழ்வு கூத்தினுள் நுழையும் வாயிலாக அது அமைந்தது.

இரதியின் புலம்பல் தனித்து நோக்கற்பாலது. புராணத்திற் சில செய்யுளளவில் அமையும் அழுகை, கூத்தில் ஓரிரவை ஆட்கொள்ளும் ஒப்பாரியாக விரிகின்றது. கணவனை எசமானின் ஏவலுக்கு இழந்தவளின் குரலாக அதனைக் கேட்டோர், பெரட்டுக்களத்திற் பேர் கொடுத்து மலையேறியவர்களே. தேவர் ஏவ, மறுக்கவியலாது சென்று எரிந்த காமன், தமக்கென எதனையும் பெறாது பிறர் நலத்துக்காக அழிந்தவன். தோட்டத் தொழிலாளர் எத்தனையோ கதைகளுள் இக்கதையை விடாது பேணியமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

வாய்மொழிக் கலையில் மூலம் எது, திரிபு எது என்னும் வினாவை அறிஞர் உலகம் முன்னரே எதிர்கொண்டுள்ளது. மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் யூகோசிலாவியப் பாணரிடையே நிகழ்த்திய ஆய்வு, பாணன் ஒவ்வொரு முறை பாடும்போதும் பாடலைப் புதிதாய் ஆக்குகின்றான் என நிறுவியது. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே இக்கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டினார். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை 1965இல் ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக், 1982இல் வெளியிட்ட நூலில் அதன் பல வடிவங்களை ஒப்பிட்டார். அக்கதையே மலையகத்திற் பொன்னர் சங்கர் கூத்தாக ஆடப்படுவது. இவ்வாய்வுகள் உணர்த்துவது யாதெனில், ஒவ்வொரு வடிவமும் தன்னளவில் முழுமையானது. அனைத்துக்கும் தாயான ஒரு பிரதியைத் தேடுவதாற் பெரும்பயன் விளையாது.

கூத்தின் வடிவங்கள் வளர்ந்ததற்கு மட்டுமன்றி, மறைந்ததற்கும் வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உறவுகள் பிரிந்தன, கூத்துக் குழுக்களும் பிரிந்தன. மன்மதனாக ஆடுபவன் கப்பலேற, இரதியாக ஆடுபவன் தங்கிவிட்ட தோட்டத்தில், பாடம் பாதியாகவே எஞ்சும். அண்ணாவி சென்றுவிட்டால் அவர் நெஞ்சிலிருந்த பாட்டும் உடன் சென்றுவிடும். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியோரையும் இடம்பெயரச் செய்தன. 1983 யூலையிற் பதுளை நகரமும் தீக்கிரையானது. ஒரு வடிவத்தில் ஒரு பாத்திரம் குறைந்திருப்பதைக் காண்பவர், அதனைக் கூத்தரின் அறியாமையாகக் கொள்வதற்குமுன் இவ்வாண்டுகளை நினைத்தல் வேண்டும்.

மற்றொரு மாற்றம் மேடையின் வழியாக வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றி, விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைக் குறுகிய நேரத்துக்குரியதாகச் செப்பனிட்டார். அம்முயற்சியால் நாட்டுக்கூத்து கற்றோர் மத்தியில் மதிப்புப் பெற்றது. பிற்காலத்திற் காமன் கூத்தும் விழா மேடைகளில் சுருங்கிய வடிவில் ஆடப்படலாயிற்று. இம்மேடை வடிவமும் ஒரு வடிவமே. அதனை வெறுத்தல் வேண்டியதில்லை. எனினும் மேடையில் லயம் லயமாகச் செல்லும் ஊர்வலம் இல்லை, நோன்பில்லை, பிறை வளர வளரக் கதை வளரும் காலவமைதி இல்லை. மேடையிற் கண்டதையே முழுக்கூத்தென மாணவர் கருதத் தொடங்கின், சுருக்கம் மூலத்தின் இடத்தைப் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. கூத்தின் உயிரான தப்பு, சாதி இழிவோடு பிணைக்கப்பட்ட கருவியாய் இருந்து வந்துள்ளது. அதனை அடிப்பது ஒரு சாராரின் கடமையென விதித்த சமூகம், அடித்தவர்க்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. அவர்தம் பிள்ளைகள் தப்பைத் தொட மறுப்பாராயின், அது மரபின்மீதுள்ள வெறுப்பன்று, இழிவின்மீதுள்ள வெறுப்பேயாகும். அண்மைக் காலத்தில் பறையைத் தன்மானத்தின் குரலாக இளைஞர் ஏந்தத் தொடங்கியுள்ளனர். எவர் விரும்பினும் கற்று அடிக்கும் கருவியாகத் தப்பு மாறும் தோட்டத்திலேயே கூத்தும் நிலைக்கும். பழமையைப் பேணுவோர் பழமையின் அநீதியையும் சேர்த்துப் பேணுதல் தகாது.

இன்று கைத்தொலைபேசி ஒவ்வொருவரையும் பதிவாளராக்கியுள்ளது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் தொழில் புரியும் தோட்டத்து இளைஞர், தம் தோட்டத்துக் கூத்தையும் அயற்றோட்டத்துக் கூத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புண்டாயிற்று. எங்கள் மன்மதன் இவ்வாறு ஆடுவதில்லை, எங்கள் தூதன் இப்பாட்டைப் பாடுவதில்லை எனும் வாதம் மீளவும் பிறக்கின்றது. இது வரவேற்கத்தக்கது. எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் செய்த பணியை இவர்கள் புதிய கருவியால் தொடர்கின்றனர். ஆயின், தோட்டத்தின் பெயரும் ஆண்டும் ஆடியோர் விபரமும் இன்றிச் சேரும் பதிவு நாளடைவில் ஊரற்ற கூத்தாகிவிடும். நாடற்றவராக வாழ்ந்த மக்களின் கலையும் ஊரற்றதாகிவிடலாகாது.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அவர் பாட்டுக்குச் செய்த பணியைக் கூத்துக்குச் செய்யும் பொறுப்பு பல்கலைக்கழகத் தமிழ் மாணவரைச் சார்ந்தது. அப்பணியில் ஈடுபடுவோர், பல வடிவங்களைக் கலந்து திருத்திய பதிப்பொன்றை ஆக்க முனைதல் கூடாது. மடுல்சீமையின் கூத்து மடுல்சீமையின் கூத்தாகவும், தெமோதரையின் கூத்து தெமோதரையின் கூத்தாகவும், குறைந்தது குறைந்தவாறே, கலந்தது கலந்தவாறே பதியப்படல் வேண்டும். நில உறுதியோ குடும்ப ஆவணமோ இன்றித் தலைமுறைகளைக் கடந்த மக்களுக்கு, தாம் எங்கிருந்து வந்தோம், யாரை இழந்தோம் என்பதைக் கூறவல்ல ஆவணங்களுள் இக்கூத்தும் ஒன்று. அதன் வேறுபாடுகளை அழிப்பது அவ்வாவணத்தின் ஏடுகளைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.