தேர்வும் வாளும்: பல்லவமல்லன் போர்களுக்குத் தென்பாண்டிச் சான்றுகள்

பொதிகை அடிவாரத்து ஆய்க்குடி என்றதும் முடமோசியார் பாடிய வள்ளல் ஆய் அண்டிரன் நினைவுக்கு வருவான். கி.பி. எட்டாம் நூற்றாண்டிலும் ஆய்வேளிர் பாண்டியரோடு பொருதுகொண்டிருந்தனர். பாண்டியன் நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டு வேள்விக்குடிச் செப்பேடு, காவிரித் தென்கரைப் பெண்ணாகடத்தில் காடவனையும் நாட்டுக்குறும்பில் ஆய்வேளையும் அவன் வென்றதாகக் கூறுகிறது. ஆய்வேளோடு ஒரே பட்டியலில் பகைவனாக நிற்கும் அந்தக் காடவன், காஞ்சியை ஆண்ட இரண்டாம் நந்திவர்மன். பல்லவமல்லன் என்று பெயர் பெற்ற இவன் தேர்ந்தெடுக்கப்பட்டு அரியணை ஏறியவன்.

731ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் அரியணைக்கு ஆளில்லை. அமைச்சரும் கடிகையாரும் ஊர்த்தலைவரும் கூடி, சிம்மவிஷ்ணுவின் தம்பி வழிவந்த இரணியவர்மனிடம் சென்றனர். மூத்த பிள்ளைகள் மூவரும் மறுக்க, 12 வயதுப் பல்லவமல்லன் முன்வந்தான், தந்தைதான் தயங்கினான். இந்நிகழ்ச்சி காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. காசாக்குடிச் செப்பேடும் அவனைக் குடிகள் தேர்ந்த மன்னன் என்றே சொல்லும். இவை அரசன் தரப்புச் சான்றுகள்தாம். ஆயினும் தேர்வையே தன் உரிமையாகக் கல்லில் காட்டியது அரிய செயல்.

தேர்வு முடியைத் தந்தது. அதைக் காத்தது வாள். பாண்டியன் இராசசிம்மன் பல்லவமல்லனைப் பல களங்களில் முறியடித்தான் என்கிறது வேள்விக்குடிச் செப்பேடு. எதிர்த்தரப்பின் உதயேந்திரச் செப்பேடோ, நந்திபுரத்தில் தமிழ் மன்னர்களின் முற்றுகையில் சிக்கிய அரசனைப் படைத்தலைவன் உதயசந்திரன் மீட்டான் என்றும், பல்லவ மரபின் சித்திரமாயனைக் கொன்றான் என்றும் கூறுகிறது. வெற்றி யாருடையது என்பதில் இரண்டும் முரண்படுகின்றன. அரசன் முற்றுகையில் அகப்பட்டதை அவன் தரப்பே ஒப்புக்கொள்வதால், பாண்டியர் கை ஒரு கட்டத்தில் ஓங்கியிருந்தது உறுதி.

வடக்கிலும் நெருக்கடி இருந்தது. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான்; நகரை அழிக்காமல், கைலாசநாதர் கோயில் பொருளைக் கோயிலுக்கே திருப்பியளித்ததை அங்குள்ள கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. பல்லவமல்லன் மீண்டும் காஞ்சியில் அமர்ந்து, பின்னாளில் கங்கரை வென்றான். ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான். தெற்கே மட்டும் அவன் கை நிலையாக ஓங்கவில்லை. காடவனும் ஆய்வேளும் தனித்தனிக் களங்களில் தோற்றதே நெடுஞ்சடையனின் எழுச்சிக்கு வழிவிட்டது என்பது என் கருத்து.

தேர்வால் முடிபெற்ற மற்றொருவனான போலந்தின் மூன்றாம் யான் சோபியெஸ்கியை இங்கே ஒப்பிடலாம். 1673இல் ஹோத்தின் களத்தில் பெற்ற வெற்றியே மறு ஆண்டு அவனுக்கு முடி தேடித் தந்தது; 1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிலிருந்து மீட்டுப் புகழின் உச்சம் தொட்டான். அவன் வென்றபின் தேர்வானான். பல்லவமல்லன் தேர்வானபின் வெல்ல வேண்டியிருந்தது. சோபியெஸ்கி இறந்ததும் 1697இல் போலந்துப் பிரபுக்கள் அவன் மகனை விடுத்துச் சாக்சனி நாட்டு அகஸ்டசைத் தேர்ந்தனர். காஞ்சியிலோ பல்லவமல்லனுக்குப்பின் அவன் மகன் தந்திவர்மனே முடிசூடினான்.