கேட் நம்பர் பார்த்து குதிரையைத் தேர்ந்தெடுக்கலாமா?

‘ஒன்னாம் நம்பர் கேட்ல நிக்குது... இந்தக் குதிரை கன்ஃபார்ம்!’ ரேஸ் பேச்சு நடக்கும் இடத்தில் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருக்கலாம். இது நிஜமா, வெறும் பில்டப்பா?

டிரா என்றால் என்ன?

ஓட்டம் தொடங்கும்முன் குதிரைகள் நிற்கும் கூண்டு வரிசைதான் ‘ஸ்டார்டிங் கேட்.’ எந்தக் குதிரைக்கு எந்தக் கூண்டு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அதுதான் ‘டிரா’. ஆஸ்திரேலியாவில் ‘பேரியர்’ என்பார்கள். சேணத் துணியில் தெரியும் நம்பர் வேறு, டிரா நம்பர் வேறு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

உள்பக்கம் ஏன் லாபம்?

எல்லாம் ஸ்கூல் கணக்குதான். அரைவட்ட வளைவில் உள்வேலியை விட்டு ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், சுமார் 3.14 மீட்டர் கூடுதல் தூரம். இரண்டு மீட்டர் தள்ளினால் 6 மீட்டருக்கும் மேல். அதாவது, இரண்டு குதிரை நீளத்துக்கும் மேலே போச்சு! தலையளவு வித்தியாசத்தில் முடியும் ரேஸில் இது பெரிய விஷயம்.

எப்போது கவனிக்கணும்?

* ஸ்டார்ட் ஆனதுமே வளைவு வந்தால், டிராவுக்கு மதிப்பு அதிகம். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் இறுக்கமான சுற்று. உள்பக்க கேட்களுக்குச் சாதகம் எனப் பேர்பெற்றது.
* வளைவுக்கு முன் நீண்ட நேர்பாதை இருந்தால், வெளிக் குதிரைக்கு உள்ளே வர அவகாசம் கிடைக்கும்.
* மெல்பர்ன் ஃப்ளெமிங்டனில் 1,200 மீட்டர் ஓட்டம் முழுக்க நேர்பாதை. அங்கே வளைவுக் கணக்கே செல்லாது.
* மெதுவாகக் கிளம்பும் குதிரைக்கு உள் கேட் கிடைத்தால், மற்றவை முன்னே அடைத்துக்கொள்ளும். வழியே கிடைக்காது.

‘18-ம் கேட்டிலிருந்து மெல்பர்ன் கப் ஜெயிக்க முடியாது’ என்றொரு நம்பிக்கை ரொம்ப நாள் இருந்தது. 2021-ல் வெரி எலிகன்ட் என்ற குதிரை அதே கேட்டிலிருந்து கிளம்பி கப்பைத் தூக்கியது!

அப்போ பணம் கட்டலாமா?

இங்கேதான் சிக்கல். டிரா ரகசியமே இல்லை. ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது, விருத்தாசலம் பக்கம் நல்லூரில் போனில் ரேஸ் கார்டு பார்ப்பவருக்கும் தெரியும். நல்ல கேட் கிடைத்த குதிரை மேல் எல்லோரும் கட்டுவார்கள். ஜெயித்தால் கிடைக்கும் தொகை இறங்கிவிடும். குதிரை ஜெயிக்கலாம், நீங்க ஜெயிக்கணும்னு இல்லை.

தமிழ்நாடு அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், ‘குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு’ என்றது. ஆனால், அந்தத் திறமைக்குள்ளும் டிரா என்பது சுத்தமான குலுக்கல்.

வரியையும் மறக்காதீங்க. கட்டும் பணத்தின் முழு மதிப்பின் மீதும் ஜி.எஸ்.டி. உண்டு. 28 சதவிகிதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். ஜெயித்த பணத்துக்கு 30 சதவிகித வருமான வரி தனி.

எனவே, டிராவைப் பார்த்து ஒரு குதிரை ஏன் ஜெயித்தது, ஏன் தோற்றது என்று ரேஸைப் புரிஞ்சுக்கலாம். ‘டிரா பார்த்து ஷ்யூர் டிப் தர்றேன்’ என்று யாராவது காசு கேட்டால், அந்த மெசேஜை டெலீட் பண்ணிட்டு அடுத்த வேலையைப் பாருங்க!